குடைக்கடைக்காரன் கொண்டுபோன நீலக்கல்

தூத்துக்குடிக் கரை தெரிந்ததும் தோணியில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஏறியதிலிருந்து எனக்கு அதுதான் வேலை. கொழும்புத் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவன்தான், ஆனால் கப்பலைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர எதிலும் ஏறியதில்லை. தோணியை ஓட்டிவந்த தண்டல் என் பக்கத்தில் வந்து நின்று, "மீனுக்கெல்லாம் நல்ல விருந்து வச்சிட்டிய, கொழும்பாரே" என்றார். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பயந்து கடலில் போனவர்கள்கூட என்னளவு நடுங்கியிருக்க மாட்டார்கள்.

நான் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு குடைக்கடையில் சிப்பந்தி. ஏழு வருஷமாகக் கம்பி முறுக்கிக் கைப்பிடி மாட்டுகிறேன், மழை வந்தால் வாசலில் நின்று கூவுகிறேன். முதலாளி காயல்பட்டினத்து முஸ்லிம். மற்ற சிப்பந்திகளும் அவருடைய ஊர்க்காரர்கள். வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள், கடையில் நான் ஒருவன்தான் இருப்பேன். அந்த ஒரு மணி நேரமும் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்தது போதாதென்று வியாபாரமும் செய்துவிட்டேன்.

ஒரு கப்பல்காரன் வந்தான். குடை வேண்டாம் என்று கையசைத்துவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். எலுமிச்சம்பழப் பருமனில் ஒரு நீலக்கல். மயில் கழுத்து நீலம், பக்கத்துக்குப் பக்கம் பட்டை. யாரும் தீட்டவில்லை, சுரங்கத்திலிருந்து வரும்போதே இப்படித்தான் என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னான். அவன் சொன்னதில் அது ஒன்று மட்டும் உண்மையாக இருக்கலாம். சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது என்று அவசரப்படுத்தினான். நான் இழுப்பறையில் இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்து, மேலே இரண்டு பட்டுக்குடையும் கொடுத்து அதை வாங்கிவிட்டேன்.

முதலாளி திரும்பி வந்து கல்லைப் பார்த்தார், இழுப்பறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கல்லை வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். "எங்க லாத்தாட்ட கொண்டுபோய்க் காட்டு" என்றார். அவர்கள் பக்கத்தில் அக்காளை லாத்தா என்பார்கள். அவர்களுடைய தகப்பனார் முத்து வியாபாரியாம். மகன் குடைக்கு வந்துவிட்டார். மகள் வீட்டில் இருந்தபடியே முத்தும் கல்லும் தரம் பார்க்கக் கற்றுக்கொண்டார். "லாத்தா நல்ல கல்லுன்னு எழுதிக் குடுத்தா நீ இனிமே கணக்கு மேசையில உக்காரலாம். இல்லைன்னு எழுதினா அங்கனயே ஒரு வேலை தேடிக்க. கடைப் பக்கம் வராத" என்று சொல்லி, ஒட்டிய உறை ஒன்றையும் கையில் கொடுத்தார்.

கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை மேசைக்கு வரப்போகிறவர் என்று சொல்லித்தான் பேசியிருந்தார்கள். என் வயிறு கலங்கியதற்குக் கடல் மட்டும் காரணமில்லை.

முதல் நாள் சுங்கத்தில் தொடங்கியது. கல்லை வெற்றிலைச் செல்லத்துக்குள் வைத்து, மேலே ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலையை அடுக்கி மறைத்திருந்தேன். பெரிய மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த, பாதி வெள்ளைக்காரரான சட்டைக்கார துரை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில், "இந்த ஆளைச் சீக்கிரம் அனுப்பு, இங்கே செத்து வைத்தால் நாம்தான் காகிதம் எழுத வேண்டும்" என்றார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். முகத்தை இன்னும் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

அங்கே நின்ற சேவகர்தான் விடவில்லை. "கொழும்பு வெத்தலையா? ஒண்ணு எடும்" என்று அவரே செல்லத்தைத் திறந்து, வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு டப்பிக்குள் விரலை விட்டார். விரல் நீலமாக வெளியே வந்தது. எனக்கே திக்கென்றது. காலையில் வெள்ளையாக இருந்த சுண்ணாம்பு அது.

"என்னவே இது, நீலமா இருக்கு?"

"கொழும்புச் சுண்ணாம்பு. அங்கே எல்லாரும் இதுதான் போடுவார்கள்."

அவர் நம்பி வாயில் போட்டார். இரண்டு மெல்லு மெல்லினார். அப்புறம் வாசலுக்கு ஓடித் துப்பிய துப்பு சுவர் வரைக்கும் போய் விழுந்தது. நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டு, "இதத் தின்னுட்டுத்தான் இப்படி வாந்தி எடுக்கியளா? போங்க, போயி ஆஸ்பத்திரியப் பாருங்க" என்று என் பெட்டியைத் தானே தூக்கி வெளியே வைத்தார். இப்படியாக நான் இந்தியாவுக்குள் நுழைந்தேன்.

அன்றைக்குத் தங்கியது கடைத்தெருவில் ஒரு அண்ணாச்சியின் சாப்பாட்டுக் கடை மாடியில். கடல் ஊர், தண்ணீருக்கா பஞ்சம் என்று நினைத்திருந்தேன். குளிக்கக் கேட்டால் ஒரு செம்பு கொடுத்தார்கள். கொழும்பில் அந்தச் செம்புத் தண்ணீரில் நாங்கள் ஒரு காலைத்தான் கழுவுவோம். ஆனால் சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வந்தது. கொழும்பிலும் சொதி உண்டு, இந்தச் சொதிக்கு முன்னால் அது வெறும் வெள்ளைத் தண்ணீர். எட்டு இடியாப்பம் தின்றேன். கருப்பட்டிக் காப்பி இரண்டு டம்ளர். வயிற்றில் கடல் ஓய்ந்தது.

கல் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. கைக்குட்டையை நனைத்து அதைத் துடைத்து, அந்தக் கைக்குட்டையிலேயே பெட்டிச் சாவியோடு சேர்த்து முடிந்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

இரண்டாம் நாள் விடிந்து முடிச்சை அவிழ்த்தால் மூன்று அதிசயம். ஒன்று, வெள்ளைக் கைக்குட்டை நீலமாகிவிட்டது. இரண்டு, கல் சிறுத்திருந்தது. எலுமிச்சம்பழமாக வந்தது இப்போது கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அண்ணாச்சிதான் மாடிக்கு வந்து சுரண்டியிருப்பார் என்று அவர்மேல் எனக்கு ஒரே சந்தேகம். மூன்றாவதைப் பார்த்ததும் சந்தேகமெல்லாம் பறந்துவிட்டது. இரும்புச் சாவி செக்கச் செவேலென்று மின்னியது.

நான் கதவைத் தாழ் போட்டேன். ஈரக் கல்லைச் சட்டை ஊக்கில் தேய்த்தேன். அதுவும் சிவந்தது. பெட்டியின் ஆணியில் தேய்த்தேன், ஆணியும் சிவந்தது. இரும்பைப் பொன்னாக்கும் கல்லை இரண்டு பட்டுக்குடைக்கு வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் சிவப்பு தூக்கலான பொன்தான், அதனால் என்ன, தட்டான் பார்த்துக்கொள்வான்.

கீழே இறங்கினேன். அண்ணாச்சி கல்லாவில் இல்லை, அவருடைய பாக்குவெட்டி இருந்தது. அதை எடுத்து ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, எச்சில் தொட்டுக் கல்லைத் தேய்த்தேன். பாக்குவெட்டி முழுக்கப் பொன். அங்கே உட்கார்ந்தபடியே நான் மனதுக்குள் தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி வரைக்கும் தண்டவாளத்தைத் தேய்த்து முடித்தேன். குடைக்கடை எனக்கு எதற்கு? முதலாளியைக் கூப்பிட்டு என் வீட்டு மேசையில் உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. பாவம், நல்ல மனுஷர்.

"என்னவே, என் பாக்குவெட்டிக்குச் சாயம் பூசுதீரு?" அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சாயமில்லை அண்ணாச்சி. தொட்டுப் பாருங்கள்."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. பாக்குவெட்டியை வாங்கி, வாசலில் கொஞ்சம் மணலை அள்ளி நாலு தேய் தேய்த்தார். பொன் போய்விட்டது, பழைய இரும்பு வந்துவிட்டது. கழுவித் துடைத்து மடியில் சொருகிக்கொண்டு, "சாப்பிட வந்தா சாப்பிடணும், சாமான நோண்டக் கூடாது" என்றார். என் பணக்கார வாழ்க்கை அரை மணி நேரம் நடந்தது.

மனம் விட்டுப்போய்க் கடற்கரைக்கு நடந்தேன். முத்துக்குளிப்பு நடந்து வருஷக்கணக்காகிறதாம், அப்போது சங்கு மட்டும்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள். சங்கைக் குவித்து வைக்கும் கிட்டங்கிப் பக்கம் போனால் சதை அழுகிய நாற்றம் மூக்கைப் பிய்த்தது. கொழும்புக் கருவாட்டுக் கடைத்தெரு இதற்குப் பூக்கடை. ஒரு மூலையில் உட்கார்ந்து முதலாளி கொடுத்த உறையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். படிக்கக் கூடாதுதான். ஆனால் என் தலையெழுத்து அதற்குள் இருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது? உள்ளே இருந்தது அரபு எழுத்து. அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தமிழையே அரபு எழுத்தில்தான் எழுதுவார்கள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பாவம் செய்தும் பலனில்லை.

மூன்றாம் நாள் காலையில் காயல்பட்டினம் பஸ். பெட்ரோல் இன்னும் சரியாகக் கிடைக்காத காலம், பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடுகிற பஸ் அது. கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதைவிட அடுப்புக்குக் காற்றுச் சுழற்றுவதுதான் அதிகம். மேட்டைக் கண்டால் எல்லோரும் இறங்க வேண்டும். இறங்கினால் சும்மா நிற்கக் கூடாது, தள்ள வேண்டும். கொழும்பில் டிராமில் ஏறினால் டிராம் நம்மைச் சுமக்கும். இங்கே டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸை நாம் சுமந்தோம். ஆத்தூர் வந்து சேர்ந்ததும் அடுப்பு அணைந்துபோய் பஸ் ஒரேயடியாக நின்றது.

ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால், பச்சைப் பசேலென்று குளிர்ந்து கிடந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அந்த ஊர்க் கொடிக்கால்காரர், சுடலைமுத்து என்று பெயர். இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் என் மடியையே உற்றுப் பார்த்தார். பஸ் தள்ளிய வியர்வையில் என் வேட்டியில் நீலம் இறங்கியிருந்தது.

"மடியில துருசு வச்சிருக்கியளோ?"

"துருசா? இது நீலக்கல்."

"எடும் பாப்போம்."

எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "துருசேதான். மயில்துத்தம்னும் சொல்லுவாக. கொடிக்கால்ல நோவு விழுந்தா இதையும் சுண்ணாம்பையும் கரைச்சுத்தான் தெளிக்கோம். ஒரு மூட்டை கெடக்கு வீட்டுல" என்றார்.

செல்லத்துச் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் விடுவதாக இல்லை. இது கொழும்புக் கல், சுரங்கக் கல், கப்பலில் வந்த கல் என்று அடித்துப் பேசினேன்.

"கப்பல்ல வந்தா என்ன, செம்புச் சொரங்கத்துல கசியிற உப்புதானவே இது. நம்பலேன்னா வாரும்" என்று சொல்லி அவர் கல்லில் ஒரு துணுக்கை நகத்தால் பெயர்த்தார். நகத்தால். நல்ல கல் நகத்துக்குப் பெயரும் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? அதைக் கண்டக்டர் மூட்டிக்கொண்டிருந்த பஸ் அடுப்பின் தீயில் போட்டார். தீ பச்சையாக எழுந்தது. கண்டக்டர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். இன்னொரு துணுக்கை ஒரு தகரத்தில் வைத்துக் கங்கில் காட்டினார். நீலம் போய்ச் சுண்ணாம்புபோல வெளுத்துப் பொடிந்தது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். திரும்பவும் நீலம். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். சுடலைமுத்துவும் உற்சாகமாக இன்னொரு துணுக்குப் பெயர்த்தார். என் வேலை, என் மேசை, கொட்டாஞ்சேனைப் பெண் எல்லாம் துணுக்குத் துணுக்காக அடுப்பில் எரிவதை நானும் கூட்டத்தோடு நின்று பார்த்தேன்.

"இரும்புல தேய்ச்சா சிவக்குமே, பாத்தியளா? உள்ள இருக்கது செம்புல்லா" என்றார் கடைசியில். பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். திரும்பி எங்கே போவது? மிச்சமிருந்தது கோலிக்குண்டளவு. அதை மடியில் முடிந்துகொண்டு பஸ்ஸைத் தள்ளினேன்.

காயல்பட்டினத்தில் இறங்கி, நிழலாக இருக்கிறதே என்று ஒரு சந்துக்குள் நுழைந்தேன். பத்தடி போவதற்குள் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பெண் குரல்கள். "ஆரது ஆம்பிள? இது பொம்பளையள் நடக்குற முடுக்கு. வெளிய போவும்." அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் போக வரத் தனிச் சந்து உண்டாம். முதலாளி ஏழு வருஷத்தில் ஏழாயிரம் விஷயம் சொல்லியிருக்கிறார், இதைச் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நண்டு மாதிரி நடந்து வெளியே வந்து, தெருப்பக்கமாக வீட்டைக் கண்டுபிடித்தேன்.

லாத்தாவின் வீட்டுக்காரர் வயதான மனுஷர், காது மந்தம். கொழும்பிலிருந்து வருகிறேன் என்று மூன்று தடவை சொன்ன பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். உள் அறைக்கும் முன் அறைக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. கடிதத்தையும் கல்லையும் ஒரு தாம்பாளத்தில் வைக்கச் சொல்லித் திரைக்கு அந்தப் பக்கம் கொடுத்தார். வளையல் போட்ட ஒரு கை வாங்கிக்கொண்டது. "மொதல்ல சாப்பிடட்டும். கல்லு எங்க ஓடிரப் போவுது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

துக்கம் வந்தால் சிலருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு அன்று கூடுதலாகவே இறங்கியது. நெய்ச்சோறு, களறி என்கிற விருந்துக் கறி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட பருப்பு. இதுதான் முதலாளி வகையில் நான் சாப்பிடும் கடைசிச் சோறு என்று நினைக்க நினைக்கக் கை வேகமாகப் போயிற்று. வட்டலப்பம் வந்தது. கொழும்பிலும் இதே வட்டலப்பம்தான், அதே ருசி, அதைத் தின்னும்போது மட்டும் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் வைத்தார். பிறகு சாய்வு நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார்.

வெகுநேரம் கழித்துத் திரைக்குக் கீழே ஒரு பித்தளைக் கிண்ணம் நகர்ந்து வந்தது. அதில் வெதுவெதுப்பான தண்ணீர், மேலே பூந்திக்கொட்டை நுரை. தண்ணீர் நீலம். கல் இல்லை.

"கழுவப் போட்டேன்" என்றது குரல். முத்துக்காரர் வீட்டில் எது வந்தாலும் முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் போடுவார்கள். அழுக்குப் போனால்தான் முத்தின் ஒளி தெரியும்.

என் புத்தி அந்த நேரத்தில் போன போக்கைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். கல் போய்விட்டது. கரைத்தது அவர்கள். இனி அது துருசு என்று யாரால் சொல்ல முடியும்? தப்பித்தேன் என்று ஒரு சந்தோஷம் பொங்கியது. உடனே தலையில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "ஐயோ, முதலாளி நம்பிக் கொடுத்த கல்லாச்சே. உலகத்தில் இல்லாத கல்லாச்சே. கப்பல்காரன் கண்ணீர் விட்டு விற்ற கல்லாச்சே. நான் எந்த முகத்தோடு கொழும்புக்குப் போவேன்" என்று ராகம் போட்டு அழுதேன். நன்றாகவே வந்தது. குறட்டை ஒரு தரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி தொடர்ந்தது.

"பிள்ளை" என்றது குரல், சாவதானமாக. "துருசுதானே?"

என் அழுகை பாதியில் நின்றுவிட்டது.

"தெரிஞ்சேதான் கொண்டாந்தியளா?"

"இல்லை லாத்தா. இன்று காலையில்தான், ஆத்தூரில்."

"எனக்குப் பாத்ததுமே தெரியும். இருவத்தஞ்சு முப்பது வருசத்துக்கு முந்தி இதே மாதிரி ஒண்ணு இந்த வூட்டுக்கு வந்துச்சு. உங்க மொதலாளி அனுப்புனது."

நான் கிண்ணத்துத் தண்ணீரைக் குனிந்து பார்த்தேன்.

"அப்ப அவனுக்குப் பதினாறு வயசு. கொழும்புக்குப் போன புதுசு. பெருநாளைக்குச் சட்டைகூட எடுக்காம சம்பளத்தச் சேத்து வச்சு, எவனோ கப்பல்காரன்ட்ட வாங்கி, லாத்தா நிக்காஹுக்குன்னு தோணியில குடுத்துவிட்டான். நானும் சின்னவதானே, என்னத்தக் கண்டேன்? வாப்பா குடுத்த முத்து மாலையோட சேத்துக் கழுவப் போட்டேன். வந்து பாத்தா தண்ணி மட்டும் நீலமா இருக்கு. முத்தெல்லாம் பச்ச புடிச்சுப் போச்சு. தண்ணியக் கொண்டுபோயி முருங்கை மூட்டுல ஊத்துனேன், முருங்கையும் பட்டுப் போச்சு."

"முதலாளியிடம் சொல்லவில்லையா?"

"எப்படிச் சொல்லச் சொல்லுதிய? ஒவ்வொரு காயிதத்துலயும் கேக்கான், கல்லு பத்திரமா லாத்தான்னு. நானும் பத்திரம்னு எழுதுதேன். ஊருக்கு வந்தா காட்டச் சொல்லுவான். ஒரு தரம் சாவியக் காணலைன்னேன். ஒரு தரம் கண்ணுபடும்னேன். அப்புறம் கேக்கதில்ல."

கடிதம் பிரிகிற சத்தம் கேட்டது. "இதுல எழுதியிருக்கான். 'நான் அனுப்பிய கல்லுக்கு இது ஜோடியா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லு லாத்தா.' நீங்க கொண்டாந்தது துருசுன்னு தெரிஞ்சும் ஒரு நப்பாசையிலதான் கழுவப் போட்டேன். நெசக் கல்லா இருந்தா அத எடுத்து வச்சுக்கிட்டு, அவன் அடுத்த தரம் வரும்போது, இந்தாடா நீ அனுப்புன கல்லுன்னு காட்டிருப்பேன்ல. இதுவும் போச்சு."

மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது. எனக்கும் வந்தது, இந்தத் தடவை ராகம் இல்லாமல். இந்த வீட்டை ஏமாற்றிப் பார்க்க நினைத்தேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சாயங்காலம் பதில் கடிதம் திரைக்கு வெளியே வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "உள்ளதத்தான் எழுதியிருக்கேன்" என்றார். அதற்குமேல் கேட்கத் தைரியமில்லை. அதுவும் அரபு எழுத்துத்தான். ஒரு டப்பா தம்மடைப் பலகாரமும் கொடுத்தனுப்பினார். தோணியில் எனக்கு வெளியே போனது போக உள்ளே தங்கியது அது மட்டும்தான்.

கொழும்பில் முதலாளி கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். கடைச் சிப்பந்திகள் குடை விரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் அவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு எனக்காக உரக்கப் படித்தார். "தம்பி, இந்தக் கல்லைப் பார்த்தேன். உன் கல்லும் இதுவும் ஒரே சாதிதான். ஜோடியேதான். இரண்டும் என்னிடமே இருக்கட்டும். கொண்டுவந்த பிள்ளையை மேசையில் உட்கார வை."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலாளி கடிதத்தை மடித்தார்.

"என் கல்லப் பாத்தியா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. "பார்த்தேன் முதலாளி."

"எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கிறது. பக்கத்தில் வைத்தால் எது உங்களுடையது எது இது என்று யாராலும் சொல்ல முடியாது."

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தணித்து, "மறுபடியும் கழுவிட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில் கிடந்த ஒரு குடையை விரித்து மறுபடி மடக்கினேன்.

"என் கல்லு துருசுன்னு இந்தத் துறைமுகத்துல ஒருத்தர் எனக்கு அந்த வருசமே சொல்லிட்டாரு. எங்க வீட்டுல எது வந்தாலும் மொதல்ல கழுவத்தான் போடுவாங்க, என்ன ஆயிருக்கும்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. லாத்தா பத்திரம்னு எழுதினப்புறம் நான் என்னத்தச் சொல்ல? நீ வாங்கின கல்லப் பாத்ததும் ஒண்ணு தோணிச்சு. இத அனுப்பி வச்சா, கழுவாம பெட்டியில வச்சுக்கிட்டா, நான் வரும்போது எடுத்துக் காட்ட அவங்களுக்கு ஒண்ணு இருக்குமேன்னு நெனச்சேன்."

இதைப் புறப்படுவதற்கு முன்னால் சொல்லித் தொலைத்திருந்தால் நான் இத்தனை வாந்தியும் எடுத்து ஒரு பஸ்ஸையும் தள்ளியிருக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டினார்.

"லாத்தா, இரண்டு கல்லும் உன்னிடம் இருப்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். பத்திரமாகப் பூட்டி வை. நான் வந்தாலும் திறந்து காட்ட வேண்டாம்."